அடியுரம்

காவிரிப் பாசனத்தில் பிறந்து அறுபதைத் தாண்டியவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், ஒரு நிமிடம் கண்ணை மூடி, வண்டிக் கொட்டகையின் மூலையில் அடுக்கிக் கிடந்த சூப்பர் மூட்டைகளின் வாசனையை நினைத்துப் பாருங்கள். லேசான புளிப்பு, கொஞ்சம் கந்தகம், ஈரச் சாக்கின் முடை எல்லாம் கலந்து மூக்கின் நுனியில் நின்று கரிக்கும் அந்த வாசனை, இன்றைக்கும் எங்காவது பழைய கூட்டுறவுக் கிடங்கைத் தாண்டும்போது என்னைக் கால்சட்டைப் பருவத்துக்கு இழுத்துப் போய்விடுகிறது. சாம்பல் நிறப் பொடியில் மிச்சமிருந்த அமிலம் சணல் சாக்கை மெல்ல அரித்துவிடும்; ஐப்பசி மழைக்கு அந்தச் சாக்கைக் கொங்காணி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், வாய்க்கால் கரையைத் தொடுவதற்குள் உச்சியில் கிழிந்து மழை உள்ளே இறங்கும். பின்னால் வந்த யூரியாவின் வெள்ளைப் பைக்கு அந்தக் குறை கிடையாது. தெருவில் பாதிப் பிள்ளைகளின் புத்தகங்கள் மழையில் நனையாமல் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது அந்தப் பையின் புண்ணியத்தில்தான்.

சூப்பர் பாஸ்பேட் என்று முழுப்பெயரைச் சொன்னவர் சைக்கிளில் வரும் கிராம சேவக் ஒருவர்தான். எங்களுக்கு அது சூப்பர். மூட்டையில் இருந்தது பாஸ்பரஸ் தரும் மணிச்சத்து, நூற்றுக்குப் பதினாறு பங்கு. மீதியில் பெரும்பகுதி ஜிப்சம். சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் அதோடு கூலி இல்லாமல் வயலுக்கு வந்துகொண்டிருந்தன. இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலை 1906இல் நம்முடைய ராணிப்பேட்டையில்தான் தொடங்கியது என்பதும், அங்கே செய்ததும் இதே சூப்பர்தான் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தபோது, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பக்கத்துத் தெருக்காரர் என்று தெரியவந்த சந்தோஷம் எனக்கு.

சூப்பர் வருவதற்கு முன்னும் மண்ணுக்கு மணிச்சத்து போய்க்கொண்டுதான் இருந்தது. சம்பா அறுத்து, தாளடியில் தெளித்த உளுந்தும் பயறும் பறித்து, வயல் வெடித்துக் கிடக்கும் பங்குனி சித்திரையில் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வந்து சேருவார்கள். எந்த வயலில் எத்தனை ராத்திரி கிடை என்பதை அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிப்பார். கூலி நெல்லாகப் போகும். எங்களுக்குக் கிடை என்றால் திருவிழா. வயலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு, ஆட்டு மூச்சும் நாய்க் குரைப்பும் கேட்கக் கேட்க, கீதாரி சொல்லும் நரிக் கதையையும் பஞ்சக் கதையையும் ‘உம்’ கொட்டிக்கொண்டே தூங்கிப்போய், விடியும்போது பார்த்தால் பட்டி அடுத்த வயலுக்கு நகர்ந்திருக்கும், நாங்கள் மட்டும் புழுக்கைக்கு நடுவில் கிடப்போம். ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மக்கிச் சத்தை விடும், மாட்டெருவுக்கு அவகாசம் வேண்டும் என்பதைப் பல தலைமுறை பார்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு அது.

கிடை முடிந்தால் வண்டல். குளம் வற்றியதும் அடிமண்ணை வெட்டி வண்டி வண்டியாக வயலில் கொட்டுவார்கள். சேறு வெட்டும் இடத்தில் விராலும் கெளுத்தியும் கையில் கிடைக்கும், அதனால் அந்த வாரம் முழுக்க யாரும் எங்களை வீட்டில் தேட வேண்டியதில்லை. அப்புறம் தழை. வாய்க்கால் கரையிலும் களத்துமேட்டிலும் நிற்கும் வாதநாராயணன், பூவரசு, புங்கன் மரங்களைக் கழித்து, எருக்கையும் ஆடாதொடையையும் அரிந்து, வண்டியில் ஏற்றினால் அந்தப் பச்சைக் குவியலின் மேல் உட்கார்ந்து போக எங்களுக்குள் சண்டை நடக்கும். வாதநாராயணன் தழையின் குளிர்ச்சி தொடையில் பட்டதை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. வயலில் தண்ணீர் கட்டி, தழையைப் பரப்பி, பெண்கள் வரிசையாக நின்று மிதித்துச் சேற்றில் புதைப்பார்கள். நாலாம் நாள் அந்த வயலிலிருந்து எழும் அழுகல் வாடையை வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார்கள். தாத்தா அதே வாடையை ஆழமாக இழுத்து, “இந்த வருஷம் தேறும்” என்பார்.

தாத்தாவுக்கு அவருடைய காலத்து ஏக்கம் ஒன்று தனியாக இருந்தது. 1934இல் மேட்டூர் அணை வருவதற்கு முன் ஆற்றில் வந்த புதுத்தண்ணீர் செக்கச்செவேலென்று வண்டலைச் சுமந்து வந்து, வாய்க்கால் வழியாக வயலில் படிய வைத்துவிட்டுப் போகும் என்றும், அணை கட்டிய பிறகு பயிருக்குத் தண்ணீர் நிச்சயமாகிவிட்டது, ஆனால் வண்டல் அங்கேயே உட்கார்ந்துவிட்டது என்றும் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் இழந்ததாக நினைத்ததை நான் பார்த்ததே இல்லை. நான் இழந்ததாக நினைக்கும் கிடையையும் தழை வண்டியையும் என் தம்பி மகன் பார்த்ததில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டி நுழையாத வயலுக்கெல்லாம் அந்த எருவைக் கூடையில் சுமந்தவை எங்கள் தலைகள் அல்ல. நெற்றியில் வழிந்த சாணி நீரைத் துடைக்கக் கை கிடைக்காமல் வரப்பில் நடந்த பெண்களும், சேற்றுப்புண்ணோடு தழை மிதித்த கால்களும் அந்த இனிமையான நினைவுக்குள்தான் இருக்கின்றன. ஏக்கருக்குப் பல வண்டி எரு சுமந்த இடத்தில் ஒரே மூட்டை உரம் போதும் என்று ஆனபோது, முதலில் இறங்கியது அவர்கள் தலைச்சுமை. அதை விட்டுவிட்டுப் பழைய காலம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுத என்னால் முடியாது.

1960களின் தொடக்கத்தில் தஞ்சை ஜில்லாவைத் தீவிர விவசாயத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடீ 27 வந்தது. திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சி அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வந்துவிட்டது. பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் சாயந்தரம் கூடிய கூட்டத்தில், பேராயிரம் சொல்லும் பக்தியோடு தழை, மணி, சாம்பல் என்று மூன்று சத்துகளின் பெயரை உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறுவையில் புது நெல், வயலில் சூப்பர், மேலே யூரியா. களத்தில் நெல் குவிந்தது. அரிசிக்காகக் கடன் கேட்டு ராத்திரியில் கொல்லைப்புறமாக வந்தவர்கள் வருவது குறைந்தது. உரத்தை வெறுத்துப் பேசும் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கொல்லைப்புறக் கதவு ஞாபகம் வரும்.

பிறகு டை அம்மோனியம் பாஸ்பேட் என்கிற டிஏபி வந்தது. எக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து என்பது குறுகிய கால நெல்லுக்கான பரிந்துரை. அதாவது ஏக்கருக்கு 20 கிலோ. சூப்பரில் கொடுத்தால் இரண்டரை மூட்டை சுமக்க வேண்டும், டிஏபியில் ஒரு மூட்டைக்கும் குறைவு. அதில் மணிச்சத்து நூற்றுக்கு 46, கூடவே 18 பங்கு தழைச்சத்து. குருணை குருணையாக, கையில் ஒட்டாமல், காற்றில் பறக்காமல், சாக்கைத் தின்னாமல் வந்த அந்த உரத்தைப் பார்த்ததும் சூப்பர் மூட்டைக்கு வண்டிக் கொட்டகையில் இடமில்லாமல் போயிற்று. கந்தகமும் சுண்ணாம்பும் சூப்பரோடு போனதை யாரும் கவனிக்கவில்லை.

மணிச்சத்தின் குணம் விசித்திரமானது. யூரியா தண்ணீரோடு ஓடும். மணிச்சத்து, கல்யாண வீட்டுப் பெரியவர்களைப் போல, உட்காரவைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், வேர்தான் தேடி வந்து கும்பிட வேண்டும். அதனால்தான் அதை அடியுரமாகப் போடச் சொல்கிறார்கள். அப்படிப் போட்டாலும் அந்தப் பருவத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் போட்டதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதி மண்ணோடு கட்டிக்கொள்கிறது. களரும் சுண்ணாம்புமான மண்ணில் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடிக்கும். அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் கார அமில நிலை ஆறிலிருந்து ஏழுவரை இருக்கிற மண்ணில்தான் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும். ஒரு எக்டேர் மேல்மண்ணில் மொத்தமாகப் பார்த்தால் பாஸ்பரஸ் சில நூறு கிலோவாவது இருக்கும். அதில் பயிர் வாய்க்கு எட்டுவது பத்தும் இருபதும்தான். வயலில் சத்து இருக்கிறது, பயிர் பசியோடு நிற்கிறது. டெல்டா விவசாயத்தில் என் மனதை விட்டு அகலாத காட்சி இதுதான்.

நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது இன்னொன்று நடக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் இரும்பு தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, பிடித்து வைத்திருந்த மணிச்சத்தை விட்டுவிடுகிறது. அதனால் நெல் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். அறுவடைக்கு வயலைக் காயவிட்டதும் அதே இரும்பு திரும்பக் காற்றைக் கண்டு முன்னிலும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காய்ந்த வயலில் நிற்பது உளுந்து. அறுவடைக்குப் பத்து நாள் முன்பு நிற்கிற சம்பாவுக்குள் தெளித்த உளுந்துக்கு அடியுரம் எங்கே போடுவது? இலை வழியாகத்தான் கொடுக்க முடியும். ஏக்கருக்கு நாலு கிலோ டிஏபியை முதல்நாள் சாயந்தரம் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் பழைய வேட்டியில் வடித்து, இருநூறு லிட்டராக்கி, வெயில் தாழ்ந்ததும் தெளிப்பார்கள்; பூ எடுக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. அம்மாவின் செப்புத் தவலையில் அப்பா டிஏபி ஊறவைத்த ராத்திரி வீட்டில் நடந்த சண்டையை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சொல்லிச் சிரித்தாயிற்று. இப்போது அதற்கென்று தனியாகப் பிளாஸ்டிக் பீப்பாய் இருக்கிறது. கரைத்துத் தெளிக்கத் தயார் நிலையில் பயறுக்கான பொட்டலமும் வேளாண் பல்கலைக்கழகம் போட்டிருக்கிறது. வேலை சுலபம். தவலை பளபளப்பாகப் பரணில் இருக்கிறது.

மண்வள அட்டைத் திட்டம் 2015இல் வந்தது. என் தம்பி மகன் எல்லா வயலிலும் மண் எடுத்துக்கொண்டு போனான், கூடவே நானும் போனேன். மண்ணைச் சோடா உப்பு வகைக் கரைசலில் குலுக்கி வடிகட்டி, அதில் மாலிப்டினம் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் அடர அடர மணிச்சத்து அதிகம். 1954இல் அமெரிக்காவில் ஓல்சன் என்பவரும் கூட்டாளிகளும் வகுத்த முறை அது, நம்முடைய காரச் சாய்வுள்ள மண்ணுக்குப் பொருந்துவது. அந்தக் குழாய்களில் மன்னார்குடி வானத்தைப் பார்த்தேன் என்றுதான் சொல்லுவேன், அவ்வளவு நீலம். எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 22க்கு மேலே போனால் அதிகம் என்று தமிழ்நாட்டில் கணக்கு. எங்கள் அட்டையில் பெரும்பாலான வயலுக்கு நேரே ‘அதிகம்’ என்று அச்சிட்டு வந்தது.

“பெரியப்பா, இவ்வளவு இருக்குன்னா நாம வருஷா வருஷம் மூட்டை மூட்டையா எதுக்குப் போடுறோம்?” என்றான்.

கடைக்காரரிடம் அதையே கேட்டோம். “அடியுரம் போடாம நட்டுட்டு உங்களுக்குத் தூக்கம் வருமா?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் பழக்கத்துக்குப் போடும் மணிச்சத்து சும்மா இருப்பதில்லை. அளவு மீறினால் பயிர் துத்தநாகத்தை எடுத்துக்கொள்வதைக் கெடுக்கும். நட்ட மூன்றாம் வாரத்தில் இலையில் துருப்பிடித்த திட்டுகள் வந்து பயிர் கட்டைபிடித்து நிற்கும், அதைச் சரிக்கட்ட எக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் வாங்க வேண்டியிருக்கும். ஒரு மூட்டையின் குறையை அடுத்த மூட்டை தீர்க்கிறது. கடை வளர்கிறது.

1992 ஆகஸ்டில் மணி, சாம்பல் உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபோது டிஏபி எட்டாக்கனி ஆகி, மறுபடி மானியம் வந்து, 2010இல் சத்துக்கேற்ற மானியம் என்று மாறி, இன்றைக்கு ஐம்பது கிலோ மூட்டை 1,350 ரூபாய்க்கு நிற்கிறது. நிற்பதற்கு அரசாங்கம் கொடுக்கும் பணம் தனி. பாறை பாஸ்பேட்டில் நமக்கு வேண்டியதில் மிகப் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது; உலகத்தின் இருப்பில் பெரும்பங்கு மொராக்கோவிலும் அதன் பிடியில் இருக்கும் மேற்கு சஹாராவிலும் இருக்கிறது. 2021இல் சீனா ஏற்றுமதியை இறுக்கியதும் திருத்துறைப்பூண்டிக் கடைவாசலில் வரிசை நீண்டது. தாத்தா காலத்தில் உரத்துக்காக ராமநாதபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், இப்போது காசாபிளாங்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நான் இந்த வயதில் ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்து வைத்துச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பழையதையும் புதியதையும் ஒரே சேற்றில் போட்டு மிதியுங்கள். இது என் கற்பனை அல்ல, வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது. பசுந்தாள் மடக்கி உழும் வயலுக்குச் செலவு குறைந்த மணிச்சத்தாகப் பாறை பாஸ்பேட் போடலாம். அப்படிப் போட்டால் அடுத்து வரும் நெல்லுக்கு மணிச்சத்து தனியாகத் தேவையில்லை. முக்கால் பங்கு பாறை, கால் பங்கு சூப்பரோ டிஏபியோ என்றும், அல்லது பாதிக்குப் பாதி என்றும் கலந்து போட்டாலும் முழுக்க டிஏபி போட்ட பலன் வருகிறது. காரணம் எளிது. வெறும் பாறைத்தூள் எங்கள் மண்ணில் கரையாது. நீலகிரித் தேயிலைத் தோட்டத்து மண் புளிப்பானது, அங்கே பாறைத்தூளை அப்படியே வைத்தாலும் மண்ணே கரைத்துக்கொள்ளும். இங்கே அந்தப் புளிப்பை நாம்தான் உண்டாக்க வேண்டும். தொழிற்சாலையில் கந்தக அமிலம் ஊற்றிச் செய்யும் வேலையை, சேற்றில் அழுகும் தக்கைப்பூண்டுப் பசுந்தாளும் அதிலிருந்து எழும் கரியமில வாயுவும் நுண்ணுயிர்கள் விடும் அமிலங்களும் நிதானமாகச் செய்கின்றன. தாத்தா மூக்கால் இழுத்துப் பார்த்த அந்த வாடைக்கு உள்ளே இவ்வளவு வேலை நடந்துகொண்டிருந்தது. மசூரி மலையடிவாரத்திலும் உதய்ப்பூர் பக்கத்து ஜாமர்கோட்ராவிலும் வெட்டி எடுத்த பாறை நம் நாட்டுக்குள்ளேயே கிடைத்தது, அதற்குக் கப்பல் வேண்டியதில்லை.

மானாவாரிக்காரர்கள் இதையே வேறு வழியில் செய்கிறார்கள். எக்டேருக்கு 750 கிலோ நன்றாக மக்கிய தொழுவுரத்தோடு தேவையான சூப்பரைக் கலந்து, ஈரமாக்கி, நிழலில் மூடி ஒரு மாதம் வைத்திருந்து போடுவது. மண்ணோடு நேரடியாக மோதிக் கட்டிப்போகாமல் மணிச்சத்து எருவின் மடியில் உட்கார்ந்து போகிறது. எங்கள் அப்பத்தா நாற்றங்காலுக்கு உமிச்சாம்பல் தூவுவாள். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. மண்துகளில் மணிச்சத்து போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களுக்குச் சிலிக்கேட்டும் போட்டி போடுகிறது என்று இப்போது சொல்கிறார்கள், சிலிக்கேட் குருணை பையில் விற்பனைக்கு வருகிறது. உமி இருக்கிற ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் ரைஸ்மில் பின்பக்கம் போய்ப் பார்ப்பது நல்லது. மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவைப் பற்றியும் கேட்பார்கள். எருவும் தழையும் இல்லாத வயலில் அந்தப் பொட்டலத்தை மட்டும் நம்பாதீர்கள், சாப்பாடு இல்லாமல் எந்த உயிரும் வேலை செய்யாது.

இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து தழையையும் எருவையும் திரும்பப் பேசவைத்தார். அவர் சொன்ன எல்லாவற்றோடும் நான் உடன்பட்டதில்லை, பாறைத்தூள் மூட்டையை வயலில் இறக்க எனக்குத் தயக்கமும் இல்லை. ஆனால் தக்கைப்பூண்டு என்ற பெயரை இருபது வயதுப் பிள்ளைகள் வாயில் திரும்ப வரவைத்ததற்கு இந்த ஜில்லா அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

தம்பி மகன் போன கோடையில் ஐந்து மாவில் செய்து பார்த்தான். கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு இருபது கிலோ கணக்கில் தக்கைப்பூண்டு தெளித்து, நாற்பத்தைந்தாம் நாள் இடுப்பளவு நின்றதைப் பாறைத்தூள் தூவி ரோட்டவேட்டரால் மடக்கினான். மிதிக்க யாரும் வரவில்லை, யார் தலையும் சுமக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்த வயலில் டிஏபி போடவில்லை, நெல் பக்கத்து வயலுக்குச் சளைக்கவில்லை, தொடர்ந்து தெளித்த உளுந்து கூடுதலாகவே காய்த்தது. இந்த வருஷம் தெருவில் மற்றவர்களும் கேட்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் பாறை பாஸ்பேட்டை எங்கள் ஊர்க் கடையில் வைப்பதில்லை, கேட்பார் இல்லையாம். முழு லாரி லோடாக எடுத்தால் வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு முன் தக்கைப்பூண்டு மடங்க வேண்டும் என்றால் லோடு வைகாசி பிறந்ததும் வந்தாக வேண்டும், இன்னும் நாலு வேலிக்கு ஆள் சேர்ந்தால் போதும்.